ஃபிஷ் ஷெல்லில் என்விரான்மென்ட் வேரியபிள்: எங்கே வைக்கிறோம் என்பதுதான் விஷயம்

பாஷும் ஃபிஷ்ஷும் டெர்மினலில் நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்கள். பாஷிலிருந்து ஃபிஷ்ஷுக்கு மாறிய யாரிடம் பேசினாலும் ஆரம்பப் புலம்பல் ஒன்றாகத்தான் இருக்கும்: "அங்கே ஓடிய கட்டளை இங்கே ஓடவில்லை." அது சீக்கிரமே பழகிவிடும். பழகிய பிறகும் விடாமல் துரத்துவது வேறொரு தொல்லை. என்விரான்மென்ட் வேரியபிளுக்கு, அதாவது ஷெல் தான் தொடங்கும் புரோகிராம்களுக்குக் கொடுத்தனுப்பும் பெயர்-மதிப்பு ஜோடிக்கு, சரியான மதிப்பைத்தான் கொடுத்திருப்போம். ஆனால் ஜாவாவோ நோடோ பைத்தானோ பழைய மதிப்பையே பிடித்துக்கொண்டு நிற்கும். சில வருடங்களாகத் தினமும் ஃபிஷ்ஷில் உட்கார்ந்திருக்கிறேன், டீமில் மற்றவர்கள் மாட்டிக்கொள்ளும்போது அவர்கள் திரையையும் எட்டிப் பார்த்திருக்கிறேன். மதிப்பைத் தப்பாகக் கொடுத்து மாட்டியவர்கள் குறைவு. சரியான மதிப்பைத் தப்பான இடத்தில் வைத்து மாட்டியவர்களே அதிகம்.

என்விரான்மென்ட் வேரியபிள் புதுச் சரக்கல்ல. 1979-ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்தது. வேரியபிளை மற்ற புரோகிராம்களுக்கு அனுப்பச் சொல்லும் எக்ஸ்போர்ட் கட்டளையும் அந்தப் பதிப்போடு வந்த போர்ன் ஷெல்லில் இருந்துதான் இன்றைய பாஷ் வரை ஓடி வருகிறது. ஃபிஷ்ஷை ஆக்செல் லில்யன்கிரான்ட்ஸ் 2005-ல் வெளியிட்டார். பழைய ஷெல்களின் இலக்கணத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயத்தை அது வேண்டுமென்றே உதறிவிட்டது. 2025-ல் வந்த 4.0 பதிப்பில் உள்ளே சி பிளஸ் பிளஸ்ஸில் இருந்ததை ரஸ்டுக்கு மாற்றி எழுதினார்கள். ஆனால் இங்கே சொல்லப்போகிற வேரியபிள் நடைமுறைகள் 3.2-க்குப் பிந்தைய எந்தப் பதிப்புக்கும் பொருந்தும்.

முதலில் எழுதும் முறை. ஃபிஷ்ஷில் எல்லாவற்றுக்கும் செட் கட்டளைதான். செட், அதற்குப் பின் ஆப்ஷன்கள், வேரியபிளின் பெயர், ஒரு இடைவெளி, மதிப்பு. சமக்குறி கிடையாது. இந்தச் சமக்குறி விஷயத்தில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருநாள் கூப்பிட்டாள். ஜாவா எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று சொல்லும் ஜாவா ஹோம் வேரியபிளில் சிக்கல்; ஜாவா பில்ட் டூலான மேவன் அதைத்தான் பார்க்கும்.

"அண்ணா, ஜாவா ஹோம் சரியாத்தான் குடுத்திருக்கேன். ஆனா மேவன் ஒத்துக்கவே மாட்டேங்குது."

"எக்கோ பண்ணிப் பாத்தியா?"

"பாத்தேன் அண்ணா, ஃபோல்டர் சரியா வருது."

மேவனோ ஜாவா ஹோம் சரியாக வரையறுக்கப்படவில்லை என்ற தன் வழக்கமான வரியையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. எக்கோ காட்டிய வரியின் தொடக்கத்தில் ஒரு சமக்குறி ஒட்டிக்கொண்டிருந்தது. பார்க்கிற கண் நேராக ஓப்பன்ஜேடிகே 17 ஃபோல்டருக்குத் தாவிவிடுவதால் அது தெரியவில்லை. அவள் எழுதியது: செட், ஜாவா ஹோம், இடைவெளி, சமக்குறி, இடைவெளி, ஃபோல்டர். சமக்குறியைப் பெயரோடு ஒட்டி எழுதியிருந்தால் இந்தப் பெயர் செல்லாது என்று ஃபிஷ் உடனே திட்டியிருக்கும். இருபுறமும் இடைவெளி விட்டதால் அது சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது. ஃபிஷ்ஷைப் பொறுத்தவரை எல்லா வேரியபிளும் ஒரு பட்டியல். ஆக முதல் உறுப்பு சமக்குறி, இரண்டாவது உறுப்பு ஃபோல்டர். எக்ஸ்போர்ட் ஆகும்போது இரண்டையும் நடுவில் இடைவெளி விட்டு ஒட்டி ஒரே மதிப்பாக அனுப்பிவிட்டது.

இதை ஒரே பார்வையில் காட்டிக்கொடுப்பது, செட் கட்டளைக்குப் பெரிய எஸ் ஆப்ஷன் போட்டு வேரியபிளின் பெயரைத் தருவது. எந்த ஸ்கோப்பில் (அதாவது எதுவரை செல்லும் எல்லையில்) இருக்கிறது, எக்ஸ்போர்ட் ஆகியிருக்கிறதா, எத்தனை உறுப்புகள் என்று வரிசையாகச் சொல்லும். ஒவ்வொரு உறுப்பையும் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவில் தனி வரியில் காட்டும். மதிப்பின் கடைசியில் ஒட்டியிருக்கும் ஓர் இடைவெளிகூட அந்தக் கோடுகளால் தெரிந்துவிடும். ஃபிஷ்ஷில் வேரியபிளைச் சோதிக்க எக்கோவை நான் தொடுவதே இல்லை. எக்கோ மதிப்பைச் சொல்லும். அது எங்கே குடியிருக்கிறது என்று சொல்லாது.

இனி அந்தக் குடியிருப்பு விஷயம். ஸ்கோப்புகளில் டூல்களுக்கு நாம் வேரியபிள் வைக்கும்போது கணக்கில் வருபவை மூன்று. லோக்கல் என்றால் அந்த பிளாக் முடிந்ததும் போய்விடும். குளோபல் அந்த ஒரு ஃபிஷ் செஷன் முழுக்க இருக்கும். யுனிவர்சல்தான் ஃபிஷ்ஷின் தனிச் சொத்து. பெரிய யு ஆப்ஷன் போட்டு ஒருமுறை சொன்னால் போதும். திறந்திருக்கும் எல்லா ஃபிஷ் செஷனுக்கும் அந்த நொடியே போய்ச் சேரும், கணினியை அணைத்து மறுபடி போட்டாலும் இருக்கும். மதிப்புகள் ஹோமில் டாட் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபிஷ் ஃபோல்டரில் ஃபிஷ் வேரியபிள்ஸ் என்ற ஃபைலில் சேமிக்கப்படும். சின்ன எக்ஸ் ஆப்ஷன் இந்த மூன்றிலிருந்தும் தனி: அதைப் போட்டால்தான் மதிப்பு ஷெல்லைத் தாண்டி மேவனுக்கும் நோடுக்கும் போகும்.

புதிதாக வருகிறவர்களுக்கு யுனிவர்சல் மேல் ஒரு காதல் வந்துவிடும். கான்ஃபிக் ஃபைலையே திறக்க வேண்டாம், ஒரு வரி அடித்தால் ஆயுளுக்கும் நிற்கும் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? நிறங்கள், பிராம்ப்ட் அமைப்பு போன்றவற்றுக்கு அது நல்ல வசதி. டூல்களுக்கான வேரியபிளுக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

ஒரு டெர்மினலில் ஜாவா 8 கேட்கும் பழைய புராஜெக்ட், பக்கத்து டெர்மினலில் ஜாவா 17 கேட்கும் புதியது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் ஜாவா ஹோமை யுனிவர்சலாக மாற்றினால், கேட்காமலே இரண்டாவதிலும் மாறிவிடும். அங்கே ஓடிக்கொண்டிருக்கும் பில்ட் தப்பிவிடும், ஏனென்றால் தொடங்கும்போதே தனக்கான நகலை அது வாங்கிக்கொண்டுவிட்டது. அடுத்த பில்ட் மாட்டும். அதைவிடப் பெரிய குடைச்சல் நிழல் விழுவது. ஒரே பெயரில் குளோபலும் யுனிவர்சலும் இருந்தால் குளோபல் யுனிவர்சலை மறைத்துவிடும். நான் குளோபலே வைக்கவில்லையே என்று தோன்றலாம். ஃபிஷ்ஷைத் தொடங்கிவைத்த தாய் புரோசஸிடமிருந்து வரும் எல்லா என்விரான்மென்ட் வேரியபிளும் ஃபிஷ்ஷுக்குள் குளோபலாகத்தான் வந்து உட்காரும். காலையில் டெர்மினலிலிருந்து எடிட்டரைத் திறக்கிறோம். அப்போதைய மதிப்பை அது எடுத்துக்கொள்கிறது. மதியம் யுனிவர்சலை மாற்றுகிறோம். எடிட்டருக்குள் புதிதாக ஒரு டெர்மினல் திறந்தால், காலையில் வாங்கிய பழைய மதிப்பு குளோபலாக உள்ளே வந்து, புதிய யுனிவர்சலை மறைத்துவிடும். "புது டெர்மினல்தான் திறந்தேன், ஆனாலும் பழசுதான் வருது" என்ற புலம்பலுக்குப் பாதி காரணம் இதுதான். ஒரே டெர்மினலில் பல ஜன்னல்களை நடத்தும் டீமக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு இது இன்னும் நாள்பட்ட வியாதி, ஏனென்றால் டீமக்ஸ் சர்வர் எப்போது கிளம்பியதோ அந்த நாளின் மதிப்புகளையே ஒவ்வொரு புது ஜன்னலுக்கும் கொடுத்துக்கொண்டிருக்கும்.

இந்த நிலையில் யுனிவர்சலை மாற்ற முயன்றால் ஃபிஷ் ஒரு எச்சரிக்கை தரும்: மாற்றிவிட்டேன், ஆனால் அதே பெயரில் ஒரு குளோபல் மறைக்கிறது என்று. அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். பெரிய எஸ் போட்டுப் பார்த்தால் குளோபல், யுனிவர்சல் இரண்டு மதிப்பும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். அப்போது சந்தேகமே இராது. அந்த செஷனில் மட்டும் சரிசெய்ய, செட் கட்டளைக்கு -இ, -ஜி இரண்டும் சேர்த்துப் போட்டு குளோபலை அழித்தால் போதும், கீழே இருக்கும் யுனிவர்சல் வெளியே வரும்.

சரி, அப்படியானால் எங்கே எழுதுவது? ஃபைலில், குளோபலாக, எக்ஸ்போர்ட் போட்டு. அதாவது -ஜிஎக்ஸ். கான்ஃபிக் டாட் ஃபிஷ் என்ற ஒரே ஃபைலில் எல்லாவற்றையும் கொட்டலாம், நான் கொட்டுவதில்லை. அதே ஃபிஷ் ஃபோல்டருக்குள் கான்ஃப் டாட் டி என்று ஒரு உள் ஃபோல்டர் உண்டு. அதில் ஃபிஷ் என்ற பின்னொட்டோடு இருக்கும் ஒவ்வொரு ஃபைலையும், கான்ஃபிக் ஃபைலைத் தொடுவதற்கு முன்பே, பெயர் வரிசைப்படி ஃபிஷ் படித்துவிடும். ஜாவாவுக்கு ஒரு ஃபைல், கோ மொழிக்கு ஒன்று, ஆண்ட்ராய்டுக்கு ஒன்று. ஆண்ட்ராய்டு வேலையை விட்டுவிட்டால் அந்த ஃபைலை அழித்தால் முடிந்தது. வேறு எங்கும் தேட வேண்டாம். ஃபைல்களின் பதிப்புகளைக் காக்கும் கிட்டில் போட்டு வேறு கணினிக்கு எடுத்துப் போகவும் இதுதான் வசதி. யுனிவர்சல் ஃபைலை அப்படி எடுத்துப் போக முடியாது; ஃபிஷ் அதைத் தன் இஷ்டத்துக்குத் திருத்தி எழுதிக்கொண்டே இருக்கும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாஷில் லாகின் ஷெல்லுக்கு ஒரு ஃபைல், இன்டராக்டிவ் ஷெல்லுக்கு வேறு ஃபைல் என்ற குழப்பம் உண்டு. ஃபிஷ்ஷில் அந்தப் பிரிவினை இல்லை. ஸ்கிரிப்ட் ஓட்டினாலும், வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக ஒரே ஒரு கட்டளை அனுப்பினாலும் இதே ஃபைல்கள்தான் ஓடும். ஆகவே வேரியபிள்கள் நிபந்தனை இல்லாமல் இருக்கட்டும். வரவேற்பு வரி, ஏலியாஸ் போன்றவை ஸ்டேட்டஸ் இஸ்-இன்டராக்டிவ் என்ற நிபந்தனைக்குள் இருக்கட்டும். கான்ஃபிக்கில் எக்கோ ஒன்றை வெளியே விட்டு வைத்தால், அந்தக் கணினிக்கு எஸ்சிபியில் ஃபைல் அனுப்பும் யாராவது தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

ஒரு புராஜெக்ட்டுக்கு மட்டும் வேண்டிய மதிப்பைக் கான்ஃபிக்கில் வைக்கவே வேண்டாம். ஒரு தடவைக்கு மட்டும் என்றால், பாஷில் செய்வது போலவே கட்டளைக்கு முன்னால் பெயர், சமக்குறி, மதிப்பு என்று ஒட்டி எழுதலாம். 2020-ல் வந்த 3.1-லிருந்து ஃபிஷ் இதை ஏற்கிறது. சமக்குறியை ஃபிஷ் ஒப்புக்கொள்ளும் முக்கியமான இடம் இது. ஃபோல்டருக்குள் நுழையும்போதெல்லாம் தானாக மாற வேண்டும் என்றால் டைரென்வ் இருக்கிறது. அதன் ஃபிஷ் ஹுக்கை கான்ஃபிக்கில் சோர்ஸ் செய்தால், அதாவது அந்த ஷெல்லுக்குள்ளேயே படித்து ஓட்ட வைத்தால் போதும்.

கட்டளைகளை எந்தெந்த ஃபோல்டர்களில் தேட வேண்டும் என்று சொல்லும் பாத் வேரியபிளுக்குத் தனியாகக் கொஞ்சம் இடம் ஒதுக்க வேண்டும். பாஷில் அது கோலன்களால் கோர்த்த ஒரு நீளமான சரம். ஃபிஷ்ஷில் பட்டியல். பிரிண்ட்எஃப் போட்டால் வரிக்கு ஒரு ஃபோல்டராகப் படிக்கலாம். மூன்றாவது வேண்டாம் என்றால் அந்த எண்ணைச் சதுர அடைப்புக்குள் போட்டு அதை மட்டும் அழிக்கலாம். எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கும், பூஜ்யத்திலிருந்து அல்ல. வெளியே போகும்போது ஃபிஷ்ஷே கோலன் போட்டுக் கோர்த்து அனுப்பிவிடும். பாத் என்று பெயர் முடியும் எந்த வேரியபிளுக்கும் இதே மரியாதை கிடைக்கும்: மேன்பாத், பைத்தான்பாத், கிளாஸ்பாத், கோபாத். மாட்டிவிடுவது அப்படிப் பெயர் முடியாதவை. எக்ஸ்டிஜி டேட்டா டிர்ஸ் என்ற வேரியபிளும் கோலனால் பிரிக்கப்படுவதுதான், ஆனால் பெயர் பாத் என்று முடியவில்லை. அதற்கு இரண்டு ஃபோல்டரை இடைவெளி விட்டுக் கொடுத்தால், வெளியே போகும்போது நடுவில் கோலன் இருக்காது, வெறும் இடைவெளிதான் இருக்கும். செட் கட்டளைக்கு பாத் என்ற நீண்ட ஆப்ஷனைச் சேர்த்துக் கொடுங்கள். அல்லது கோலனை நீங்களே போட்டு ஒரே சரமாகக் கொடுங்கள்.

கோபாத்தில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம். மேற்கோள் இல்லாமல் கோபாத் என்பதோடு சாய்கோடும் பின் என்பதும் ஒட்டி எழுதினால், அதில் இரண்டு ஃபோல்டர் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாக பின் ஒட்டி இரண்டு மதிப்பு கிடைக்கும். வேரியபிளே இல்லையென்றால் ஒன்றும் கிடைக்காது. பாஷில் அந்த நிலையில் சத்தமில்லாமல் ரூட்டில் இருக்கும் பின் ஃபோல்டர் வந்து நின்றிருக்கும். அதையே மேற்கோளுக்குள் போட்டால் ஃபிஷ்ஷிலும் இரண்டும் கோலனோடு ஒட்டி ஒரே சரமாகி, கடைசி ஃபோல்டருக்கு மட்டும் பின் சேரும். மற்ற ஷெல்களில் எதையும் மேற்கோளுக்குள் போடு என்று சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கிறது.

பாத்தில் ஃபோல்டர் சேர்க்க 3.2-லிருந்து ஃபிஷ் ஆட் பாத் என்று ஒரு கட்டளை உண்டு, சொற்களுக்கு நடுவே அடிக்கோடு. ஏற்கெனவே இருந்தால் சேர்க்காது, ஃபோல்டரே இல்லையென்றாலும் சேர்க்காது. ஆப்ஷன் எதுவும் தராவிட்டால் யுனிவர்சலில் போய் எழுதும் என்பதால், கான்ஃபிக் ஃபைலில் எழுதும்போது இங்கேயும் பாத் என்ற நீண்ட ஆப்ஷனைச் சேர்ப்பேன். அப்போது நேராகப் பாத்தை மட்டும் தொடும். இந்தக் கட்டளை வருவதற்கு முந்தைய குறிப்புகள் இணையம் முழுக்கக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்று, ஃபிஷ் யூசர் பாத்ஸ் என்ற யுனிவர்சலின் முன்னால் புது ஃபோல்டரை ஒட்டும் வரியைக் கான்ஃபிக்கில் எழுதச் சொல்லும். டெர்மினலில் ஒருமுறை அடிக்க வேண்டிய வரி அது. கான்ஃபிக்கில் போட்டால் ஒவ்வொரு தடவை ஷெல் திறக்கும்போதும் இன்னொரு நகல் சேரும்; யுனிவர்சல் என்பதால் அழியவும் அழியாது. ஷெல் திறக்கவே நேரமாகிறது என்று ஒருவர் கூப்பிட்டுப் போய்ப் பார்த்தால், பாத்தில் ஒரே ஃபோல்டர் பக்கம் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் பாஷுக்காகவே எழுதப்பட்ட டூல்கள். ஃபிஷ்ஷில் எக்ஸ்போர்ட் என்ற சொல் வேலை செய்யும். பழக்கதோஷத்துக்காக உள்ளே ஒரு சின்ன ஃபங்ஷனை வைத்திருக்கிறார்கள். அதை நம்பி பாஷ் ஸ்கிரிப்ட்டை அப்படியே சோர்ஸ் செய்தால் முதல் இஃப் வரியிலேயே நிற்கும். நோடின் பதிப்புகளை மாற்ற உதவும் என்விஎம் என்பது முழுக்க போர்ன் பாணி ஷெல் ஃபங்ஷன், ஃபிஷ்ஷுக்குள் ஓடாது. ஃபிஷ்ஷுக்கென்று தனியாக எழுதப்பட்ட என்விஎம் டாட் ஃபிஷ்ஷையோ, ஃபிஷ்ஷிலும் ஓடும் எஃப்என்எம்மையோ எடுத்துக்கொள்ளலாம். புராஜெக்ட்டுக்குத் தனிப் பைத்தான் சூழல் தரும் வென்வ் நல்ல பிள்ளை: ஆக்டிவேட் ஸ்கிரிப்ட்டுக்குப் பக்கத்திலேயே ஃபிஷ் பின்னொட்டோடு இன்னொன்று இருக்கும், அதைச் சோர்ஸ் செய்ய வேண்டும். கோண்டாவுக்கு இனிட் கட்டளையோடு ஃபிஷ் என்று சேர்த்தால் போதும். எஸ்எஸ்ஹெச் சாவிகளை நினைவில் வைத்திருக்கும் எஸ்எஸ்ஹெச் ஏஜென்ட்டின் வரிகளை வழக்கம்போல இவால் செய்தால், சமக்குறியை இப்படிப் பயன்படுத்த முடியாது, செட் பயன்படுத்து என்று ஃபிஷ் பாடம் எடுக்கும். ஏஜென்ட்டுக்கு -சி ஆப்ஷன் கொடுத்தால் அது சி ஷெல் நடையில் செட்என்வ் வரிகளைத் தரும், ஃபிஷ்ஷுக்கு அது புரியும்.

எதுவும் இல்லாத டூல் என்றால் என்ன செய்வது? ஒரு வெண்டரின் எஸ்டிகே பாஷ் ஸ்கிரிப்ட் ஒன்றை மட்டும் தந்து, அதைச் சோர்ஸ் செய்துவிட்டு வேலையைத் தொடங்கு என்று சொல்லும். அதைப் படித்து ஃபிஷ்ஷுக்கு மாற்றி எழுத உட்காராதீர்கள். அடுத்த பதிப்பில் அவர்கள் மாற்றிவிடுவார்கள். பாஷைத் திறந்து, ஸ்கிரிப்ட்டைச் சோர்ஸ் செய்து, எக்ஸெக் ஃபிஷ் என்று அடித்துவிடுங்கள். பாஷ் எக்ஸ்போர்ட் செய்த எல்லாமே அப்படியே ஃபிஷ்ஷுக்கு வந்துவிடும். என்விரான்மென்ட் வேரியபிளுக்கு எந்த ஷெல் தன்னை எழுதியது என்ற நினைவே கிடையாது. புரோசஸிலிருந்து புரோசஸுக்குப் போகிறது, அவ்வளவுதான். மேக்ஃபைலும் இதனால்தான் பாதிக்கப்படுவதில்லை. நீங்கள் ஃபிஷ்ஷில் இருந்தாலும் மேக் தன் வரிகளை எஸ்ஹெச்சில்தான் ஓட்டும், உங்கள் எக்ஸ்போர்ட் மட்டும் அங்கே போய்ச் சேரும்.

இதே காரணத்துக்காக லாகின் ஷெல்லை சிஹெச்எஸ்ஹெச் போட்டு ஃபிஷ்ஷாக மாற்ற நான் யாருக்கும் சொல்வதில்லை. லாகின் ஷெல் பாஷாகவே இருக்கட்டும், டெர்மினல் அமைப்பில் மட்டும் ஃபிஷ் திறக்கும்படி வையுங்கள். வெளியிலிருந்து எஸ்எஸ்ஹெச்சில் பாஷ் கட்டளைகளை அனுப்பும் டிப்ளாய் ஸ்கிரிப்ட்டுகள் உடையாது. மெனுவிலிருந்து ஐகானைத் தட்டித் திறக்கும் ஐடிஇ, உங்கள் ஃபிஷ் கான்ஃபிக்கைப் படிக்கும் என்று எதிர்பார்க்கவே கூடாது. சில எடிட்டர்கள் தாமாக ஷெல்லை ஒருமுறை ஓட்டி மதிப்புகளை எடுத்துக்கொள்ளும், எல்லாம் அப்படியில்லை. லினக்ஸில் சிஸ்டம்டி இருந்தால் டாட் கான்ஃபிக்குக்குள் என்விரான்மென்ட் டாட் டி ஃபோல்டர் இதற்காகவே இருக்கிறது.

டோக்கன்கள், அதாவது ஏபிஐ கீ போன்ற ரகசியங்கள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏபிஐ கீயை யுனிவர்சலாக வைத்தால் அது அந்த ஃபைலில் மறைக்கப்படாத வெறும் எழுத்தாகவே கிடக்கும். டாட் கான்ஃபிக் ஃபோல்டரை மொத்தமாகக் கிட்டில் போடும் பழக்கம் உள்ளவர்கள் அதையும் சேர்த்தே புஷ் செய்துவிடுவார்கள். டெர்மினலில் நேராக அடித்தால் ஹிஸ்டரியில் உட்காரும். அன்றைக்கு மட்டும் வேண்டுமென்றால் ரீட் கட்டளைக்கு -எஸ், -ஜி, -எக்ஸ் மூன்றையும் சின்ன எழுத்தில் போட்டு டோக்கனின் பெயரைக் கொடுங்கள்; பேஸ்ட் செய்வது திரையில் தெரியாது, ஹிஸ்டரியில் ரீட் வரி மட்டும்தான் இருக்கும், ஷெல்லை மூடினால் போய்விடும். ஏற்கெனவே யுனிவர்சலில் என்னென்ன கிடக்கிறது என்று பார்க்க, செட் -யுஎக்ஸ் என்று வேறு எதுவும் தராமல் அடித்தால் பட்டியல் வரும். யு மட்டும் பெரிய எழுத்து. நீண்ட நாள் ஃபிஷ் பயன்படுத்துகிறவர்களின் கணினியில் எப்போதோ கழற்றிய டூல்களின் ஹோம் வேரியபிள்கள் இரண்டு மூன்றாவது அதில் இருக்கும். அவற்றை -இ, பெரிய யு சேர்த்து ஒவ்வொன்றாக அழித்துவிடலாம். ஃபைலைத் திறந்து கையால் மட்டும் திருத்த வேண்டாம்.